கல்லுக்கு என்ன மரியாதை

ஏப்ரல் 6, ஞாயிறு

இத்தனை காலம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததே அதிகம். இனிமேல் இருக்கப் போவதில்லை.

'தண்ணி லாரி' என்ற மேசை விளையாட்டு என்னுடையது. அதை, என்னோடு கல்லூரியில் வேலை பார்த்த எஸ்தர், தன் பெயரில் வெளியிடப் போகிறாள். மாதக் கடைசியில் சிவகாசியில் அச்சேறுகிறதாம். விளையாட்டுக்காரர்களின் இணையக் குழுவில் அறிவிப்பு வந்திருந்தது. பெட்டியின் படமும் போட்டிருந்தார்கள். நீல நிற லாரி, அதன் பின்னால் வளைந்து செல்லும் குடங்களின் வரிசை. அடியில் ஒரே ஒரு பெயர்: எஸ்தர் ரஞ்சிதம்.

நான் கணிதம், அவள் இயற்பியல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டாஃப் ரூம் மேசையில் அட்டையை வெட்டிப் பரப்பி இருவருமாக விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தோம். லாரித் தண்ணீருக்கு வரிசையில் கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்களே, அதை விளையாட்டின் உயிராக ஆக்கியது நான். அந்தக் கல் இல்லையென்றால் அது வெறும் குடம் அடுக்குகிற வேலை.

நடப்பதைத் தேதிவாரியாக எழுதி வைக்கிறேன். இதிலிருந்து ஒரு பதிவைத் தொகுத்து என் முழுப் பெயருடன், பட்டங்களுடன் அதே குழுவில் போடுவேன். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியட்டும்.

சிலிண்டர் மாற்றினேன். குரோம்பேட்டையில் தையல் சாமான் கடையில் ஐந்து நிறத்தில் சட்டைப் பட்டன்கள் வாங்கினேன். என் புதிய விளையாட்டுக்குக் காய்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

புதியதற்குப் பெயர் 'பந்தி'. கல்யாண மண்டபத்தில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று இடம் பிடிப்பதுதான் விளையாட்டு. சாப்பிடுகிறவர் பாயசத்துக்கு வந்துவிட்டாரா, இன்னும் ரசத்தில்தான் இருக்கிறாரா என்று கணித்து நிற்க வேண்டும். தப்பான ஆளின் பின்னால் நின்றால் அடுத்த பந்தி வரைக்கும் பசியோடு இருக்க வேண்டியதுதான்.

காலையிலிருந்து விதிகள் எழுதினேன். விதி எழுதுவது விளையாட்டைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம். படிப்பவர் நம் பக்கத்தில் இருக்க மாட்டார். கேள்வி கேட்க முடியாது. ஒவ்வொரு விதிக்கும் ஓர் எடுத்துக்காட்டு எழுதுவது என் வழக்கம். சிவப்பு இப்படி ஆடுகிறார், மஞ்சள் அப்படி ஆடுகிறார், ஆகவே இன்னார் தோற்கிறார்.

என் மனைவி சியாமளா வங்கியிலிருந்து வந்ததும் படித்துப் பார்த்தாள். "சாப்பிடுறவங்க பின்னாடி போய் நிக்கிறது அசிங்கம்னுதானே ஊர்ல சொல்லுவோம்? அதையே விளையாட்டா வச்சிருக்கீங்க" என்றாள்.

அசிங்கமாக இருப்பதால்தான் விளையாட்டு. இது அவளுக்குப் புரியாது. எஸ்தருக்குப் புரிந்திருக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நிஜாம் வீட்டு மாடியில் சோதனை. நிஜாமுக்குப் பல்லாவரத்தில் டைல்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி, யாராவது புதிதாகச் செய்த விளையாட்டை ஆடிப் பார்ப்போம். போன வருடத்திலிருந்து போகிறேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு விளையாட்டில் ஓட்டை இருப்பதைக் கண்டவர், அதாவது எதைச் செய்தால் எப்போதும் ஜெயிக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தவர், கண்ட நிமிடமே மேசையைத் தட்டி "உடைஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட வேண்டும். செய்தவர் அவருக்கு டீ வாங்கித் தர வேண்டும். கண்டும் சொல்லாமல் இருப்பது, பந்தியில் அடுத்தவன் இலையில் கை வைப்பது மாதிரி.

முதலில் 'பந்தி'. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, லல்லி மேசையைத் தட்டினாள். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்ப்பவள். குரல் தெருவுக்கே கேட்கும்.

"உடைஞ்சிடுச்சு! சார், நான் யார் பின்னாடியும் நிக்கல. வாசப்படிகிட்டயே நின்னேன். எல்லாரும் அடிச்சுக்கிட்டு எழுந்திரிக்க, காலியான சீட்ல போய் உக்காந்தேன். மூணு பந்தியும் சாப்பிட்டாச்சு."

"நெஜ வாழ்க்கையிலயும் நீ அப்படித்தானே" என்றார் நிஜாம்.

"எனக்கு இன்னொரு டவுட்டு சார். உங்க ரூல்ஸ்ல எடுத்துக்காட்டு பூரா மஞ்சளே தோக்குது. பாவம் மஞ்சள், உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

தற்செயல் என்று சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன். சமோசாவும் கேட்டாள்.

பிறகு நிஜாம் வெள்ளை அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "இது வெளியிலேர்ந்து வந்திருக்கு. யாரு செஞ்சதுன்னு எனக்கே சொல்லல. நாம யாரு ஆடினோம்னு நானும் சொல்லப் போறதில்ல. கூச்சமில்லாம திட்டலாம்."

மூடியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. விரல் நுனி அளவுக் குடங்கள், ஜல்லிக் கற்கள், லாரிச் சீட்டு. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

விதி சுலபம். நம் முறை வரும்போது வரிசையில் ஒரு குடம் வைக்கலாம், அல்லது இரண்டு கல் வைக்கலாம். லாரிச் சீட்டு விழுந்ததும் கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நம் குடத்தை வைத்துக்கொள்ளலாம். முன்னால் இருக்கிற குடங்களுக்குத்தான் தண்ணீர். ஒருவர் வைத்த கல்லை இன்னொருவர் தொடக் கூடாது.

இரண்டாவது சுற்றிலேயே எனக்குத் தெரிந்தது. குடமே வைக்காமல் கல்லாக வைத்துக்கொண்டே போனால் முன்வரிசை முழுக்க நம்முடையது. ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. இது இரண்டாம் ஆளுக்குத் தெரிந்துவிட்டால் அவரும் கல்லாகவே வைப்பார். பிறகு எல்லோரும் கல்லை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். விளையாட்டு செத்துப் போகும். இதுவரை யாருக்கும் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், குடங்கள் அவ்வளவு அழகாக இருக்கின்றன. கையில் குடம் இருக்கும்போது கல்லை எடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

நான் மேசையைத் தட்டவில்லை. தட்டாதது மட்டுமில்லை, மற்றவர்கள் கண்ணில் படக் கூடாதென்று நானும் குடமாகவே வைத்தேன். மஞ்சள் குடம் வைத்திருந்த லல்லி ஜெயித்தாள்.

"புரொபசர் சார், எதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார் நிஜாம்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு" என்றேன்.

சோதிப்பது அவள் வேலை. என் வேலை இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பதிவுக்கு இரண்டு பத்தி எழுதினேன், நன்றாக வந்திருக்கிறது. ஆனால் இப்போது போடப் போவதில்லை. பெட்டி கடைக்கு வரட்டும். வாங்கிய யாராவது ஒருவன் ஒரே வாரத்தில் உடைப்பான், குழுவில் சிரிப்பார்கள். அப்போது போடுவேன். என் கையில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று கடைசி வரி.

ஏப்ரல் 17, வியாழன்

குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன், இன்னும் சொட்டுகிறது.

மத்தியானம் பட்டன்களைக் குடமாகவும், துவரம்பருப்பைக் கல்லாகவும் வைத்து நானே நாலு பேருக்கும் ஆடிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. கல் வைக்கிறவர்தான் ஜெயிக்கிறார்.

மஞ்சள் பட்டனை எடுக்கும்போதெல்லாம் எஸ்தர் ஞாபகம் வருகிறது. எந்த விளையாட்டிலும் மஞ்சளைத்தான் எடுப்பாள். "மஞ்சளைப் பழிவாங்குறீங்க சார்" என்று என் எடுத்துக்காட்டுகளைப் படித்துச் சிரிப்பாள். என் விளையாட்டுகளை அவள் அளவுக்கு யாரும் உடைத்ததில்லை. மற்றவர்கள் உடைத்தால் சந்தோஷப்படுவார்கள். அவள் மட்டும், "உடைஞ்சிடுச்சு சார்" என்று சொல்லும்போது, தன் வீட்டுப் பாத்திரம் கைதவறி விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். அதுதான் எனக்குப் பிடிக்காது.

'தண்ணி லாரி'யில் என் மதிப்பெண் அட்டவணையை உடைத்தது கேன்டீனில், எல்லாத் துறைக்காரர்களும் சுற்றி நின்றிருந்தபோது. நான் ஏதோ சொன்னேன். கோபத்தில் ஆயிரம் சொல்வோம். "நீங்களே வச்சுக்கோங்க, எனக்கு வேண்டாம்" என்பது எழுதிக் கொடுத்த சொத்து இல்லை.

இந்தப் பத்தி பதிவில் வேண்டாம்.

ஏப்ரல் 21, திங்கள்

எஸ்தர் போன் செய்தாள். பெயர் திரையில் வந்ததும், பதிவின் விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"சார், நான் எஸ்தர். எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"சொல்லுங்க."

"ஈஸ்டருக்கு எங்க ஊருக்கு, நாசரேத்துக்கு வந்தேன். அம்மா உங்களக் கேட்டாங்க. உங்க சார் இன்னும் கோவமாத்தான் இருக்காரான்னு."

"எனக்கென்ன கோவம்?"

"அதானே. உங்களுக்கு என்ன கோவம். ரெண்டு வருஷமா போன் மட்டும்தான் ரிப்பேரு."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் குரல் இறங்கியது.

"சார், 'தண்ணி லாரி' அடுத்த திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. பாத்திருப்பீங்க. அட்டையில உங்க பேரப் போடணும். என் பேருக்குப் பக்கத்துல, அதே சைஸ்ல. உங்களக் கேக்காம போட்டா தப்பாயிடும்னுதான் இடம் விட்டு வச்சிருக்கேன். தைரியம் வந்து கூப்பிட இவ்ளோ நாளாச்சு."

அவளே தொடர்ந்தாள்.

"கல்ல யாரும் தொடக் கூடாதுன்னு நீங்க எவ்ளோ சண்ட போட்டீங்க! நடுவுல நான் அத மாத்திக்கூடப் பாத்தேன் சார். அப்புறம் மனசு கேக்கல. சார் விதி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அப்படியா.

"ஒரு பயம்தான். நாலு ஊர்ல டெஸ்டிங் குடுத்தோம். ஒருத்தரும் உடைக்கல. எல்லாரும் நல்லா இருக்குங்கிறாங்க. நீங்க மேசையில இருந்திருந்தா உடைச்சிருப்பீங்க. உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா சார்? கல்லுல?"

இதைவிட நேராக ஒரு மனிதரை ஒருவர் கேட்க முடியாது. சொல்லியிருந்தால் ஒரே வாக்கியம். என் மனதில் அப்போது ஓடியது வேறு. உடையப் போகிற விளையாட்டின் அட்டையில், உடைந்த விதிக்குச் சொந்தக்காரனாக, என் பெயர்.

"என் பேர் வேண்டாம்" என்றேன்.

"சார்..."

"முடிச்சது நீங்க. உழைப்பு உங்களுது. உங்க பேர் மட்டும் இருக்கட்டும்."

பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வேலைய விட்டுட்டு இதுல எறங்கினப்போ வீட்ல பேசாத பேச்சு இல்ல. நீங்களும் என்னத் திட்டிக்கிட்டு இருப்பீங்கன்னு நெனச்சேன். உங்களப் போயி தப்பா நெனச்சிட்டேனே சார். பெரிய மனசு உங்களுக்கு."

"சரி, உடம்பப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டேன்.

சியாமளா கேட்டுக்கொண்டிருந்தாள். "எஸ்தரா? என்னவாம்?"

"பேர் போடட்டுமான்னு கேட்டா. வேண்டாம்னுட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா?" என்றாள். சமையலறைக்குள் போனாள். சாயங்காலம் வாழைப்பூ வடை தட்டினாள். வாழைப்பூ ஆய்வது அவளுக்குப் பிடிக்காத வேலை. எனக்காக வருடத்தில் ஒருமுறை செய்தால் அதிகம். தட்டில் வைத்து, "இந்த மாதிரி நீங்க இருந்து பாத்து ரொம்ப நாளாச்சு" என்றாள்.

சாப்பிட்டேன். இன்னும் இரண்டு வேண்டுமா என்று கேட்டபோது வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒன்றும் இல்லை. குழாய் சொட்டுகிறது.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டு நாளாகத் தெருக் குழாயில் தண்ணீர் இல்லை. எங்கள் அடுக்ககத்துக்கு லாரியைப் பணம் கட்டி வரவழைத்து சம்ப் தொட்டியில் நிரப்பிக்கொள்கிறோம். எதிர்வரிசை வீடுகளுக்கு மாநகராட்சி லாரிதான். காலையிலேயே தெருவோரம் குடங்கள் வரிசை போட்டாயிற்று. நடுநடுவே கற்கள், ஒரு உடைந்த வாளி, ஒரு ஒற்றைச் செருப்பு.

பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லை யாரும் தொடவில்லை. ஒரு பெண் தன் குடத்தை வைக்கும்போது செங்கல் ஒன்று லேசாக நகர்ந்துவிட, அதைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தாள். பார்த்தாயா, என் விதி சரிதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஓட்டை என் கல்லில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்றுகூட ஒரு நிமிடம் நம்பினேன்.

லாரியின் ஹாரன் கேட்டது. வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றவர்கள் கல்லை எடுத்துவிட்டுக் குடத்தை வைத்தார்கள். செங்கல்லுக்கு மட்டும் யாரும் வரவில்லை. சற்று முன் அதை அவ்வளவு மரியாதையாக இழுத்து வைத்த அதே பெண், அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை முன்னால் நகர்த்தினாள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் வாய்விட்டே, "அது எப்படி? இடம் பிடிச்சு வச்சிருக்காங்களே?" என்றேன் போலிருக்கிறது.

தலை பின்னிக்கொண்டே வந்த சியாமளா எட்டிப் பார்த்தாள். "லாரி வர்ற வரைக்கும்தாங்க அது கல்லு. லாரி வந்தப்புறம் கல்லுக்கு என்ன மரியாதை? ஆளு வந்து நிக்கணும்ல?"

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"இது என்ன கேள்வி? மேற்கு மாம்பலத்துல பத்து வருஷம் குடம் தூக்கியிருக்கேன். உங்களுக்குத்தான் பொறந்ததுலேர்ந்து வீட்ல கிணறு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள்.

லாரி வரிசையில் நான் ஒருநாளும் நின்றதில்லை. கல் வைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன், லாரி வந்தபின் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்ததில்லை. பாதியைப் பார்த்துவிட்டு விதி எழுதி, அதை யாரும் தொடக் கூடாதென்று சண்டையும் போட்டிருக்கிறேன். அவள் மாற்றிப் பார்த்தேன் என்றாளே, என்னவாக மாற்றியிருப்பாள் என்று இப்போது ஊகிக்க முடிகிறது.

பட்டனும் பருப்புமாக ஆடிப் பார்த்தேன். லாரி வந்ததும், கல்லுக்காரர் குடம் வைக்கும் முன், கல்லுக்கு நேர் பின்னால் குடம் வைத்திருப்பவர் அந்தக் கல்லைத் தள்ளிவிட்டு முன்னேறலாம். இவ்வளவுதான் மாற்றம். கல்லாகவே வைத்துக்கொண்டு போனவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கல்லும் வேண்டும், சரியான நேரத்தில் குடமும் வேண்டும் என்றாகிறது. நன்றாக இருக்கிறது. நாங்கள் இருவரும் செய்ததிலேயே இதுதான் நல்ல விளையாட்டு.

'நாங்கள்' என்று கை எழுதிவிட்டது. இருக்கட்டும்.

ஏப்ரல் 26, சனி

திங்கட்கிழமை அச்சு.

காலையில் அவள் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "எஸ்தர், நான் இப்பதான் யோசிச்சுப் பாத்தேன், கல்லுல ஒரு ஓட்டை இருக்கு" என்று ஆரம்பிக்கலாம். ஆனால் அவள் முட்டாள் இல்லை. என் வாக்கியங்களில் இருக்கிற ஓட்டையையும் பார்க்கத் தெரிந்தவள். எப்பப் பாத்தீங்க சார், என்று கேட்பாள். பெட்டி யாருக்கும் விற்பனைக்கு வரவில்லையே, எங்க ஆடினீங்க, என்பாள். நிஜாம் வீட்டு மாடி வெளியே வரும். அப்புறம் போன திங்கட்கிழமை நான் அவளிடம் பேர் வேண்டாம் என்றது எதற்காக என்பது வரும். அதை மட்டும் கேட்க மாட்டாள். அந்தப் பாத்திரம் விழுந்த முகத்தை வைத்துக்கொள்வாள். போனிலேயே எனக்குத் தெரியும்.

செய்தியாகத் தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன்.

"யாருக்குங்க இவ்ளோ நேரமா?" என்றாள் சியாமளா.

"காலேஜ் விஷயம்" என்றேன். நான் கல்லூரியை விட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் ஒருவித மரியாதைதான். போன திங்கட்கிழமையிலிருந்து எனக்கு இந்த வீட்டில் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

நிஜாம் மாடிக்குப் போகவில்லை. லல்லி குரல்செய்தி அனுப்பியிருந்தாள்: "என்ன சார், டீக்கு பயந்து லீவா?"

அந்த இணையக் குழுவில் அறிவிப்புக்குக் கீழே எழுதுகிற ஒவ்வொன்றையும் எஸ்தர் படித்துப் பதில் போட்டுவிடுகிறாள். பெயர் தெரியாமல் எழுதவும் அங்கே வசதி இருக்கிறது. காலையிலிருந்து எழுதி இதைத் தயார் செய்திருக்கிறேன்:

'தண்ணி லாரியைச் சோதனையில் ஆடியவன். உடைந்துவிட்டது. அச்சுக்கு அனுப்பும் முன் தயவுசெய்து ஒரு முறை இப்படி ஆடிப் பாருங்கள்: ஒருவர் குடமே வைக்காமல் கல் மட்டும் வைக்கட்டும். அவரை யாராலும் ஜெயிக்க முடியாது. அன்றே மேசையைத் தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. கல்லை யாரும் தொடக் கூடாது என்ற விதி தவறு. லாரி வந்ததும், கல்லுக்காரர் குடம் வைக்கும் முன், கல்லுக்கு நேர் பின்னால் குடம் வைத்திருப்பவர் கல்லைத் தள்ளிவிட்டு முன்னேறலாம் என்று மாற்றுங்கள். எடுத்துக்காட்டு: சிவப்பு முன்வரிசையில் கல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பச்சை அதற்குப் பின்னால் குடத்துடன் நிற்கிறார். லாரி வருகிறது. பச்சை கல்லைத் தள்ளிவிட்டு முன்னேறுகிறார். பச்சையின் குடம் நிறைகிறது.'

பட்டங்களோடு போடுவதாக இருந்த பழைய பதிவும் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அழித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். அழிக்கவில்லை.

பச்சை என்று எழுதியது, என்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. திரும்பப் படித்தேன். பச்சை ஒரு முறைகூட அந்த வரிசையில் நின்றதில்லை, நின்றது எஸ்தரின் மஞ்சள். மூன்று இடத்திலும் பச்சையை எடுத்துவிட்டு மஞ்சள் என்று போட்டேன். என் விதிகளில் மஞ்சள் ஜெயிப்பது இதுதான் முதல் தடவை. தெரிந்துகொண்டால் தெரிந்துகொள்ளட்டும். தெரியாமலும் போகலாம்.

அடியில் கையெழுத்துக்கு இடம் இருந்தது. என் பெயர் வேண்டாம் என்று ஒரு வாரத்தில் இரண்டாவது முறையாகச் சொல்கிறேன். முதல் முறை சொன்னதற்கு வடை கிடைத்தது. இந்த முறை சியாமளாவிடம்கூடச் சொல்லப் போவதில்லை. பெயரில்லாமலே போடுகிறேன்.